பொன்னாடை தரித்த பாடகர்

சங்கீத வித்வானுக்குப் பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை நேயர்கள் அறிவார்கள். கச்சேரி முடியும் சமயத்தில் சபைக் காரியதரிசி மேடை ஏறுவார். வித்வானுடைய பெருமைகளைப் பாதி மறந்தும் பாதி கூட்டியும் எடுத்துரைப்பார். பிறகு ஜரிகை மின்னும் ஆடையை அவர் தோளில் போர்த்துவார். சபையோர் கரகோஷம் செய்வார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது. ஆனால் ஒரு பாடகர், தையற்காரரிடம் தாமே சொல்லிக் கழுத்து முதல் கணுக்கால் வரையில் பொன்மயமான உடை ஒன்றைத் தைத்துக்கொண்டு, முதல் பாட்டுக்கு முன்பே அதை அணிந்து மேடையேறி விட்டாரானால் சபையோர் என்ன செய்வார்கள்?

1970-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, நியூயார்க் நகரத்துக் கார்னகி மண்டபத்தில் இப்படி ஒரு சம்பவம் நடந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் கை தட்டினார்கள், போகப் போகப் பலர் ஊளையிட்டார்கள். பாடகரின் பெயர் பில் ஓக்ஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பதுதான். ஆயினும் அவருடைய சங்கீத வாழ்க்கையின் கடைசிக் கட்டம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. அன்றிரவுக் கச்சேரி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 'கார்னகி மண்டபத்தில் துப்பாக்கிச் சண்டை' என்று பொருள்படும் பெயருடன் அது பிற்பாடு இசைத்தட்டாக வெளிவந்தது. அவர் உயிரோடிருந்த காலத்தில் வெளியான இசைத்தட்டுக்களில் கடைசியானது அதுவே.

பாட்டுக் கேட்பதற்காக ஜனங்கள் இசைத்தட்டு வாங்குவது உலக வழக்கம். பாடகருக்கும் சபையோருக்கும் நடந்த சண்டையைக் கேட்பதற்காக யாராவது பணம் கொடுப்பார்களா? நாம் கொடுத்தோம். பிற்காலத்தில் குறுந்தட்டாக வந்த பதிப்பை வாங்கி, ஒரு முறை அல்ல, பல முறை கேட்டிருக்கிறோம். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி நம்மை விடாமல் தொடர்ந்து வருவதனாலேயே இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் மனிதரைப் பற்றிச் சில விவரங்கள். பில் ஓக்ஸ் 1940-ம் வருஷம் டிசம்பர் 19-ந் தேதி டெக்ஸாஸ் ராஜ்யத்தின் எல் பாஸோ நகரில் பிறந்தார். தகப்பனார் வைத்தியர். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ராணுவ வைத்தியராகச் சேவை செய்தவர். திரும்பி வந்தபோது உடம்பில் காயம் இல்லை, மனத்தில் காயத்தோடு வந்தார். உற்சாகத்தின் உச்சிக்கும் துயரத்தின் பாதாளத்திற்கும் மாறி மாறி இழுக்கும் வியாதி அவரைப் பிடித்துக்கொண்டது. மருத்துவமனையில் இருக்கவும் நேர்ந்தது. அதே வியாதி பிற்காலத்தில் பிள்ளையையும் தேடி வந்தது. இளமையில் பில் கிளாரினெட் வாத்தியத்தில் நல்ல தேர்ச்சி பெற்றார். ராணுவப் பள்ளி ஒன்றில் படித்தார். பிறகு ஒஹையோ ராஜ்ய சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழில் பயின்றார்.

அங்கேதான் கிதார் வந்து சேர்ந்தது; அது வந்த விதம் வேடிக்கையானது. 1960-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் கென்னடி ஜயிப்பாரா, நிக்ஸன் ஜயிப்பாரா என்று பில் ஓக்ஸும் அவருடைய சிநேகிதரும் பந்தயம் கட்டினார்கள். கென்னடி ஜயித்தார், சிநேகிதர் தம் கிதாரைக் கொடுத்தார். அமெரிக்காவுக்கு ஒரு ஜனாதிபதியும் பில் ஓக்ஸுக்கு ஒரு வாத்தியமும் ஒரே நாளில் கிடைத்தன என்று சொல்லலாம். அரசியலும் சங்கீதமும் அவர் வாழ்க்கையில் அப்படித்தான் கடைசி வரையில் பின்னிக் கிடந்தன.

பட்டம் பெறச் சில மாதங்களே இருக்கையில் படிப்பை விட்டுவிட்டு, 1962-ல் நியூயார்க்குக்கு வந்தார். அங்கே கிரீன்விச் வில்லேஜ் என்னும் பேட்டையில் காபி ஹோட்டல்கள்தோறும் இளைஞர்கள் கிதாரும் கையுமாக உட்கார்ந்து, தாமே எழுதிய பாட்டுக்களைத் தாமே பாடிக்கொண்டிருந்த காலம் அது. நம் நாட்டில் ரயில் கவிழ்ந்தாலும் வெள்ளம் வந்தாலும் மறுவாரமே சிந்து கட்டி, காலணாப் புஸ்தகமாக அச்சிட்டு, சந்தையில் பாடி விற்ற புலவர்கள் இருந்தார்கள் அல்லவா? பில் ஓக்ஸின் தொழிலும் ஏறக்குறைய அதுவேதான். காலையில் பத்திரிகை படிப்பார். மாலையில் அது பாட்டாகிவிடும். 1964-ல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டின் பெயரே, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முகப்பு வாசகத்தைச் சற்றே திருப்பி, 'பாடத் தகுந்த செய்திகள் யாவும்' என்ற பொருளில் அமைந்தது. தம்மைப் பாடும் பத்திரிகைக்காரர் என்று அவர் சொல்லிக்கொண்டார்.

என்ன பாடினார்? மிஸிஸிப்பி ராஜ்யத்தில் கறுப்பர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பாடினார். சுரங்கத் தொழிலாளர்களைப் பாடினார். எல்லாவற்றுக்கும் மேலாக வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துப் பாடினார். இனிமேல் அணிவகுத்துப் போகமாட்டேன் என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் எழுதிய பாட்டு 1965-ல் வெளிவந்தது. யுத்த எதிர்ப்புக் கூட்டங்களில் அது இல்லாத கூட்டம் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் இவரைத் தேசத் துரோகி என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தம் நாட்டின் மலைகளையும் நதிகளையும் விரிந்த வெளிகளையும் வாயாரப் புகழ்ந்து பாடியவரும் இவரே. நாட்டை நேசிப்பவனுக்குத்தான் நாடு தவறு செய்யும்போது கோபம் வரும். அயலானுக்கு அந்தக் கோபம் வர நியாயம் இல்லை. சுதந்தரப் போராட்டத்தைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க சர்க்காருக்கு மட்டும் இது விளங்கவில்லை போலும்! அவர்களுடைய ரகசியப் போலீஸ் இலாகா இந்தப் பாட்டுக்காரரைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தது.

1968-ம் வருஷம் அவருடைய மனத்தை முறித்தது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்; ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்; ஆகஸ்டில் சிக்காகோ நகரில் ஜனநாயகக் கட்சியின் மகாநாட்டு வாசலில் யுத்த எதிர்ப்பு இளைஞர்களைப் போலீசார் தடியால் அடித்து நொறுக்கினார்கள். பில் ஓக்ஸ் அங்கே இருந்தார். அடுத்த வருஷம் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் உறையில் ஒரு கல்லறைக் கல் காணப்பட்டது. அதில் பொறித்திருந்த பெயர் அவருடையதே. எல் பாஸோவில் 1940-ல் பிறந்து சிக்காகோவில் 1968-ல் இறந்தார் என்று அந்தக் கல் சொல்லிற்று.

தம் கல்லறையைத் தாமே அச்சிட்ட மனிதர் அதற்கப்புறம் என்ன செய்வது? இங்கேதான் பொன்னாடை வருகிறது. அவர் யோசித்த வழி இது: 'இத்தனை வருஷம் பாடினேன். கேட்டவர்கள் யார்? யுத்தம் கூடாது என்று ஏற்கனவே நம்பிய மாணவர்கள். அவர்கள் கை தட்டினார்கள், நான் வணங்கினேன், யுத்தம் நடந்துகொண்டே இருக்கிறது. பிள்ளையை வியட்நாமுக்கு அனுப்பிவிட்டு லாரி ஓட்டுகிறவனும் ஆலையில் வேலை செய்கிறவனும் என் பாட்டைக் கேட்பதில்லை. அவர்கள் எல்விஸ் பிரெஸ்லியைக் கேட்கிறார்கள். அவர்கள் மனம் மாறாமல் இந்த நாடு மாறாது.' இவை நம் வார்த்தைகளில் அவருடைய கருத்து. அவரோ இதை மேடையிலேயே இன்னும் ரஸமாகச் சொன்னார்: அமெரிக்காவுக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது புரட்சியில் இருக்கிறது, புரட்சிக்கு நம்பிக்கை இருந்தால் அது எல்விஸ் பிரெஸ்லியைச் சே குவேரா ஆக்குவதில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

ஆகவே, எல்விஸுக்குப் பொன்னுடை தைத்த நூடி என்ற புகழ்பெற்ற தையற்காரரிடம் போய்த் தமக்கும் ஒன்று தைத்துக்கொண்டார். எல்விஸின் இசைத்தட்டு ஒன்றில், 'ஐந்து கோடி ரஸிகர்கள் தவறு செய்ய முடியாது' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். 1970-ல் வந்த தம்முடைய இசைத்தட்டின் உறையில் பில் ஓக்ஸ், 'ஐம்பது ரஸிகர்கள் தவறு செய்ய முடியாது' என்று அச்சிட்டார்! தன்னையே பரிகாசம் செய்துகொள்ளும் இந்த நகைச்சுவையை அவர் கடைசி வரையில் முற்றும் இழக்கவில்லை என்று நினைக்க நமக்கு ஆறுதலாயிருக்கிறது.

இனி இசைத்தட்டுக்கு வருவோம். அதில் மொத்தம் ஒன்பது உருப்படிகள். அவருடைய பழைய பாட்டுக்களும் உண்டு. மற்றவர்களுடைய ராக்-அண்ட்-ரோல் பாட்டுக்களும் உண்டு. 'மோனா லிஸா' என்னும் பழைய காதல் பாட்டோடு ஆரம்பமாகிறது. சபையோர் அதை ஏதோ விளையாட்டு என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அடுத்தாற்போல் அணிவகுப்புப் பாட்டைத் தொடங்கியதும் மண்டபம் ஆரவாரம் செய்கிறது. 'ஆகா, நம்முடைய ஆள் திரும்பி வந்துவிட்டார்!' என்ற குதூகலம் அந்தக் கைதட்டலில் தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் மூன்றாவது பாட்டுத்தான் வெடி வைத்தது. மெர்ல் ஹாகார்ட் என்ற கிராமியப் பாடகர் 1969-ல் வெளியிட்ட பாட்டு அது. ஓக்லஹோமா ராஜ்யத்துச் சிறு நகரத்து மனிதன் ஒருவன், 'நாங்கள் நீண்ட தலைமயிர் வளர்ப்பதில்லை, ராணுவச் சீட்டைக் கொளுத்துவதில்லை' என்ற தோரணையில் பெருமை பேசுவது அதன் விஷயம். யுத்த எதிர்ப்பு இளைஞர்களைப் பரிகாசம் செய்யும் பாட்டை, யுத்த எதிர்ப்பு இளைஞர்கள் நிறைந்த சபையிலே, அவர்களுடைய சொந்தக் கவிஞரே பாடினால் எப்படி இருக்கும்? அணிவகுப்புப் பாட்டுக்குப் பக்கத்திலேயே, இடைவெளி விடாமல் அதை வைத்தார் என்பது கவனிக்கத் தக்கது. நாட்டின் இரண்டு பாதிகளையும் ஒரே கிதாரில் அடுத்தடுத்து மீட்டிக் காட்டினார். ஊளைச் சத்தம் எழும்புகிறது.

பிறகு தாம் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது உயிராக நேசித்த பட்டி ஹாலியின் பாட்டுக்களை மாலையாகக் கோத்துப் பாடுகிறார். மறுபடியும் முணுமுணுப்பு, சீறல். அப்போது அவர் பேசுகிறார். அந்தக் குரலில் கோபமும் கெஞ்சலும் கலந்திருக்கின்றன. அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக அப்போதிருந்த ஸ்பைரோ அக்னியூ, மாணவர்களையும் பத்திரிகைக்காரர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசுவதில் பேர்போனவர். 'அக்னியூவைப் போல் நீங்களும் குறுகிய புத்தி காட்ட வேண்டாம். துவேஷம் எந்தப் பக்கத்திலும் இருக்கலாம். கறுப்பர்களைத் துவேஷிப்பது போலச் சங்கீதத்தையும் துவேஷிக்கலாம்' என்ற கருத்துப்படச் சபையோருக்குச் சொல்கிறார். இந்த ஒரு நிமிஷத்துக்காகவே இந்த இசைத்தட்டைக் கேட்கலாம் என்போம். எதிர்க்கட்சிக்காரனைப் பார்த்து இப்படிச் சொல்லச் சாமானியத் துணிச்சல் போதும். தம்மை வாழவைத்த சொந்தக் கட்சியைப் பார்த்துச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்?

நம் வீட்டில் இந்தத் தட்டைப் பற்றி நடந்த விவாதத்தையும் சொல்ல வேண்டும். கலாசாலையில் படிக்கும் நம் தம்பியின் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியப்பா! இவர் பாட வந்தாரா, பிரசங்கம் செய்ய வந்தாரா, அடிபட வந்தாரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்றாள்.

"மூன்றுக்கும் சேர்த்துத்தான் வந்தார் என்று வைத்துக்கொள்" என்றோம்.

உள்ளேயிருந்து வந்த நம் மனைவி வேறொரு கேள்வி போட்டாள். "அந்த மனுஷருக்கு மனசு சரியில்லை என்று நீங்களே சொன்னீர்கள். குடித்துவிட்டும் மாத்திரை விழுங்கிவிட்டும் மேடை ஏறினார் என்றும் சொன்னீர்கள். ஒரு நோயாளி நாலு பேர் எதிரில் தடுமாறுவதை, அவர் போன பிற்பாடும் இப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பது தர்மந்தானா?"

குழந்தையின் கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லிவிடலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு நாள் யோசித்தோம்.

அந்தக் காலத்தில் அவர் மதுவையும் மாத்திரைகளையும் துணை கொண்டே மேடையேறினார் என்பது வாஸ்தவம். தகப்பனாரிடமிருந்து வந்த வியாதி தலைகாட்டத் தொடங்கியிருந்ததும் வாஸ்தவம். இவற்றை மறைத்து அவரை வழிபாட்டுப் படமாக மாட்டி வைப்பது ஒருவிதப் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. பின்னால் நடந்ததை முன்னாலேயே தெரிந்துகொண்டவர்கள் போல் பாவித்து, ஒவ்வொரு தாளத்திலும் மரணத்தின் காலடியைக் கேட்பது. குரல் சற்றுக் கரகரத்தால், 'பார்த்தீர்களா, அப்போதே ஆரம்பித்துவிட்டது!' என்று தலையசைப்பது. இப்படிக் கேட்பவர்கள் பாட்டைக் கேட்பதில்லை. வைத்தியருடைய சீட்டைப் படிக்கிறார்கள்.

நோயாளி சொல்வதெல்லாம் நோயின் பேச்சு ஆகிவிடாது. இந்தத் தட்டைக் கூர்ந்து கேட்டால் அது விளங்கும். பாட்டுக்களின் வரிசை தாறுமாறாக இல்லை. ஒரு வாதத்தை எடுத்து நடத்துவது போல் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டையும் ஏன் பாடுகிறார் என்று காரணம் சொல்லுகிறார். நடுவே, கரை சேர்ந்த மாலுமி ஒருவனைப் பற்றித் தாம் முன்னே எழுதிய நீண்ட பாட்டைப் பாடுகிறார். 1967-ல் அதை இசைத்தட்டுக்காகப் பாடியபோது பெரிய வாத்திய கோஷ்டியின் துணை இருந்தது. இங்கே அந்த ஆடம்பரங்கள் இல்லை. ராக்-அண்ட்-ரோல் ஆரவாரத்துக்கு மத்தியில் அந்தப் பாட்டு, புயலுக்கு நடுவே ஒரு துறைமுகம் போலவே அமைந்திருக்கிறது. சித்தம் கலங்கியவர் கச்சேரியை இப்படி அமைக்கமாட்டார். தாம் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதைக் கேட்பது அபசாரம் அல்ல என்று தீர்மானித்தோம். கேட்கும் முறையில்தான் தர்மமும் அதர்மமும் இருக்கின்றன. இதை மனைவியிடம் சொன்னபோது, "அப்படியானால் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்" என்றாள். அது சம்மதமா, சமாதானமா என்று நாம் விசாரிக்கவில்லை.

அவர் செய்தது முழுவதும் சரி என்று நாம் வாதாடப் போவதில்லை. லாரி ஓட்டுகிறவனுக்குப் பாட வேண்டுமானால் லாரி நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். கார்னகி மண்டபத்துக்கு அவன் டிக்கட் வாங்கிக்கொண்டு வரமாட்டான். அன்றிரவு ஆசனங்களில் அமர்ந்திருந்தவர்கள் பழைய ரஸிகர்களே. ஆகவே புதிய சபைக்காகத் தைத்த உடையைப் பழைய சபைதான் பார்த்தது. அந்த உடை பரிகாசமா, நிஜமா என்பதையும் அவர் தெளிவாக்கவில்லை. பாதி விளையாட்டாகவும் பாதி வேண்டுதலாகவும் ஒரு காரியத்தைச் செய்தால், பார்ப்பவர்கள் விளையாட்டை மட்டும் கண்டு கோபிப்பார்கள். அந்தக் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த நாட்களில், தங்களுக்குத் தைரியம் ஊட்டும் பாட்டைக் கேட்கக் காசு கொடுத்து வந்த இளைஞர்கள் அவர்கள். அவர்களில் பலருக்கு ராணுவ அழைப்பு எந்த நாளிலும் வரலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பட்டி ஹாலி எதற்கு என்று அவர்கள் கேட்டால் அது முட்டாள்தனம் ஆகாது.

ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி அந்த ஊளைச் சத்தத்தில் மூழ்கிவிடவில்லை. ஏற்கனவே சம்மதித்தவர்களிடம் மறுபடியும் மறுபடியும் சம்மதம் வாங்குவதற்குத் தேசத் தொண்டு என்று பெயரா? தேசம் என்பது நம் கட்சிக்காரர்கள் மட்டும்தானா? அக்கரையிலே நிற்பவனுடைய பாட்டை வெறுத்துக்கொண்டே அவனுடைய மனத்தை மாற்ற முடியுமா? பில் ஓக்ஸ் கண்ட விடை தவறாக இருக்கலாம். கேள்வி தவறு அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவர் தம் சபையையே பணயம் வைத்தார் என்பது இந்த இசைத்தட்டு நமக்குத் தரும் சாட்சியம்.

அன்றிரவு கார்னகி மண்டபத்தில் இரண்டு கச்சேரிகள். முதற் கச்சேரி நடக்கையில், வெடிகுண்டு வைத்திருப்பதாக யாரோ தொலைபேசியில் மிரட்டவே, அது பாதியில் நின்றது. இடைவேளையில் டிக்கட் விற்கும் அறையின் கண்ணாடியை உடைத்துக் கட்டைவிரலில் காயப்படுத்திக்கொண்டார். கட்டைவிரல் காயத்தோடு கிதார் மீட்டுவது என்றால் என்னவென்று வாத்தியம் பயின்றவர்களுக்குத் தெரியும். ஆயினும் இரண்டாவது கச்சேரிக்கு மேடையேறினார். அதில் சபையோரை ஓரளவு தம் வசமாக்கிக்கொண்டார். நேரம் கடந்துவிட்டதென்று மண்டப நிர்வாகிகள் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். உடனே சபையோர், 'சக்தி வேண்டும், சக்தி வேண்டும்' என்று கோஷமிட்டார்கள். ஆங்கிலத்தில் மின்சாரத்துக்கும் அதிகாரத்துக்கும் ஒரே வார்த்தை. நம் பாஷையிலும் 'சக்தி' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். அந்த நாளில் அமெரிக்க இளைஞர்கள் வீதிகளில் முழங்கிய கோஷமும் அதுதான். சாயங்காலம் ஊளையிட்ட ஜனங்களே இரவில் பாடகருக்காகச் சக்தி கேட்டு முழங்கினார்கள் என்றால், ஏதோ ஒரு சிறிய அளவில் அவர் ஜயித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

கம்பெனியார் அப்படி நினைக்கவில்லை. ஒலிப்பதிவை வெளியிட மறுத்துவிட்டார்கள். வெற்றியை விற்கலாம், பூரணத் தோல்வியைக்கூட ஒரு விதமாக விற்கலாம், தீராத வாக்குவாதத்தை எந்தக் கடையில் வைத்து விற்பது? சில வருஷங்கள் கழித்து, 1970-களின் நடுவில், கனடா தேசத்தில் மட்டும் அது வெளிவந்தது. பாடகருடைய சொந்த நாட்டில், அவர் கண்ணெதிரே, கடைகளில் அது வைக்கப்படவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு புதுப் பாட்டுக்கள் அநேகமாக வற்றிப்போயின. ஊற்று வற்றிய கவிஞனுக்கு நேரும் வேதனையை விவரிக்க வேண்டியதில்லை. அவர் ஊர் ஊராக, கண்டம் கண்டமாக அலைந்தார். 1971-ல் சிலி தேசத்துக்குச் சென்று, ஜனங்களுக்காகப் பாடிய விக்டர் ஹாரா என்ற பாடகருடன் நட்புக்கொண்டார். 1973-ல் ஆப்பிரிக்கா சென்றபோது, நைரோபியில் அந்நாட்டு வாத்தியக்காரர்களுடன் சேர்ந்து லிங்காலா, ஸ்வாஹிலி பாஷைகளில் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதே பிரயாணத்தில் டார் எஸ் ஸலாம் நகரில் திருடர்கள் அவர் கழுத்தை நெரித்ததில் குரல் நாளங்கள் சேதமடைந்தன. மேல் ஸ்தாயி அவருக்கு எட்டாமற் போயிற்று. அந்த வருஷம் செப்டம்பரில் சிலியில் ராணுவத்தார் ஆட்சியைப் பறித்து, ஹாராவைக் கொன்றார்கள். உடைந்த குரலோடும் கலங்கிய மனத்தோடும் பில் ஓக்ஸ் எழுந்து, 1974 மே 9-ந் தேதி நியூயார்க்கில் சிலி மக்களுக்காக நிதிக் கச்சேரி நடத்தினார். பாப் டிலன் உள்பட அநேகர் அதில் பாடினார்கள். 1975-ல் வியட்நாம் யுத்தம் முடிந்ததும், மே 11-ந் தேதி நியூயார்க் நகரத்து மத்தியப் பூங்காவில் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் கூடிய கொண்டாட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். யுத்தம் முடிந்துவிட்டது என்று, முடிவதற்கு எட்டு வருஷம் முன்பே பாட்டுக் கட்டியவருக்கு, அது நிஜமாகவே முடிந்த நாளில் பாடும் பாக்கியம் கிடைத்தது.

பிறகு வியாதி முற்றிற்று. சில மாதங்கள் தமக்கு வேறொரு பெயர் வைத்துக்கொண்டு, பில் ஓக்ஸ் இறந்துவிட்டான் என்று சொல்லித் திரிந்தார். அந்த வேகம் தணிந்ததும் இருள் கவிந்தது. 1976 ஏப்ரல் 9-ந் தேதி, தம் சகோதரியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது முப்பத்தைந்து. அதைச் செய்தது வியாதி. எந்தப் பாட்டும் அல்ல, எந்த ஊளையும் அல்ல. அதில் காவியம் காண முயல்வோரோடு நமக்கு உடன்பாடில்லை. தகுந்த சிகிச்சையும் கொஞ்சம் அவகாசமும் கிடைத்திருந்தால் அவர் கிழவராகி, பேரப் பிள்ளைகளுக்கு அந்தப் பொன்னுடையைக் காட்டிச் சிரித்திருக்கலாம். அந்த மாதக் கடைசியிலேயே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அங்கத்தினரான பெல்லா அப்ஸக் அம்மையார், இந்தப் பாடகருக்கு அஞ்சலியாக ஓர் அறிக்கையைச் சபை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்வித்தார். ரகசியப் போலீசார் குறிப்பெழுதிய அதே சர்க்காரின் ஏட்டில் இதுவும் ஏறிற்று.

இந்தத் தட்டை நேயர்கள் கேட்க வேண்டும் என்று சிபாரிசு செய்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை. முதல் முறை பாடகரைக் கேளுங்கள். அவருடைய நோயையும் முடிவையும் மறந்துவிட்டு, கிதாரையும் குரலையும் பாட்டுக்களின் வரிசையையும் மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறை பாடகரை விட்டுவிடுங்கள்; இருட்டில் உட்கார்ந்திருக்கும் சபையோரைக் கேளுங்கள். பிடித்த பாட்டு வந்ததும் குதிக்கும் குரல்கள், பிடிக்காத பாட்டு வந்ததும் சீறும் குரல்கள், கடைசியில் மனம் இளகும் குரல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றில் எது நம்முடைய குரல் என்று ஒவ்வொருவரும் நிதானமாகக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சத்தத்தைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொண்டே கேட்கலாம்.